மார்பக மறுசீரமைப்புக்கான சிலிகோன் ஜெல் இம்ப்ளான்ட்கள்: எந்த வகை, எதன் பொருட்டு?

குறிஞ்சிமலர்

அனைவருக்கும் வணக்கம். இடது மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ சிகிச்சை முடித்திருக்கிறேன். அடுத்து மார்பகத்தை முழுவதும் அகற்றிவிட்டு, அதே அறுவையில் எக்ஸ்பாண்டர் (உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை) வைத்து, சில மாதங்கள் கழித்து அதை எடுத்துவிட்டுச் சிலிகோன் ஜெல் இம்ப்ளான்ட் பொருத்தலாம் என்று ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் சொல்லியிருக்கிறார். மேசைமீது இரண்டு மாதிரிகளை வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று உருண்டையானது, மிருதுவாகவும் மேலே வழவழப்பாகவும் இருந்தது. மற்றொன்று மேலே மெலிந்து கீழே பருத்த நீர்த்துளி வடிவம். சற்றுக் கெட்டியாக இருந்தது, மேற்பரப்பும் சொரசொரப்பாக இருந்தது. இரண்டும் பயன்பாட்டில் உள்ளவைதாம், வீட்டில் கலந்துபேசி முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டில் கலந்துபேச எங்களுக்கு என்ன தெரியும்? வடிவத்தைப் பார்த்தால் நீர்த்துளிதான் இயல்பான மார்பகத்தைப் போல இருக்கிறது. ஆனால் சொரசொரப்பான இம்ப்ளான்ட்கள் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று படித்ததிலிருந்து மனம் ஒருநிலையில் இல்லை. ஒரு புற்றுநோயிலிருந்து மீண்டு வருகிறவள், இன்னொன்றுக்கு வழிவிடக் கூடாது அல்லவா? இவ்வகைகளை எந்த அடிப்படையில் ஒப்பிட வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செவிலி தாமரை

குறிஞ்சிமலர் அம்மா, ஒட்டுறுப்பு அறுவை அரங்கில் நெடுங்காலம் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ள என்னால் உதவ முடியும்.

நீங்கள் தொட்டுப் பார்த்த இரண்டு மாதிரிகளும் வடிவம், ஜெல்லின் கெட்டித்தன்மை, உறையின் மேற்பரப்பு என்ற மூன்று கூறுகளில் ஒரே நேரத்தில் வேறுபடுகின்றன. நோயாளியின் கண்ணுக்கு முதலில் படுவது வடிவம் என்பதால் எல்லோரும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற இரண்டும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. உருண்டையான இம்ப்ளான்ட் உள்ளே எப்படிச் சுழன்றாலும் வெளித்தோற்றம் மாறாது. நீர்த்துளி வடிவம் சுழன்றால் பருத்த பகுதி பக்கவாட்டிலோ மேலேயோ போய் நின்றுவிடும். அது சுழலாமல் இருக்கத் திசு அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்புக்காகவே அதன் உறையைச் சொரசொரப்பாகச் செய்கிறார்கள். வடிவம் குலையாமல் இருக்க ஜெல்லையும் கெட்டியாக்குகிறார்கள். ஆகவே நீர்த்துளி வேண்டும் என்று சொல்லும்போது சொரசொரப்பான உறைக்கும் நீங்கள் சம்மதம் தந்துவிடுகிறீர்கள்.

என் கருத்தில் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் மேற்பரப்பை முடிவு செய்யுங்கள். உடல்நலத்தை நேரடியாகத் தொடுவது அதுதான். நீங்கள் படித்த செய்தி 2019-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இம்ப்ளான்டைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்புப் படலத்திலும், அதனுள் கோத்துக்கொள்ளும் நீரிலும் தோன்றும் அரிய வகை டி-செல் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று உண்டு. இது மார்பகத் திசுவில் வரும் புற்றுநோய் அன்று. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட கணக்கில் உலகெங்கும் 573 நோயாளிகளும் 33 இறப்புகளும் பதிவாகியிருந்தன. அந்த 573 பேரில் 481 பேருக்கு அலர்கன் நிறுவனத்தின் இம்ப்ளான்ட் இருந்தது. அந்நிறுவனத்தின் பயோசெல் என்னும் மிகச் சொரசொரப்பான உறையில் ஆபத்து, அமெரிக்காவில் விற்பனையான பிற நிறுவனங்களின் சொரசொரப்பான உறைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கணித்தார்கள். அதன்பின் பயோசெல் வகை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

இன்னொரு கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை: எக்ஸ்பாண்டரின் மேற்பரப்பு எது? தற்காலிகமானது என்பதால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அன்று திரும்பப் பெறப்பட்டவற்றில் பயோசெல் உறையுடைய எக்ஸ்பாண்டர்களும் இருந்தன. மேலும், பல எக்ஸ்பாண்டர்களில் உப்புநீர் செலுத்தும் வாயைத் தோலுக்கு வெளியிலிருந்து கண்டறியக் காந்தம் பதித்திருப்பார்கள். அது உள்ளே இருக்கும் மாதங்களில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நெய்தல்கரை

பாரிசில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் நான். புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டவள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

தாமரை அக்கா கூறியவை அனைத்தும் உண்மை. ஆனால் மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் பெண்ணுக்கும் மார்பகமே அகற்றப்பட்ட பெண்ணுக்கும் வடிவம் ஒரே பொருளைத் தருவதில்லை. முன்னவருக்கு இம்ப்ளான்டின் மேல் சொந்தத் திசு மூடியிருக்கும். உருண்டையின் விளிம்பை அது மறைத்துவிடும். எங்களுக்கு மூடுவதற்குத் தோலும் சிறிது கொழுப்பும் மட்டுமே மிஞ்சுகின்றன. உள்ளே எந்த வடிவத்தை வைக்கிறார்களோ அதுவே வெளியில் தெரியும். எனது மற்ற மார்பகம் வயதுக்கேற்பத் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் ஓர் உருண்டையை வைத்திருந்தால் மேற்பகுதி புடைத்து நின்றிருக்கும். நீர்த்துளி வடிவம் எனக்குச் சட்டை போடும்போது தயக்கமில்லாத வாழ்க்கையைத் தந்தது. அதை அழகுக்கான ஆசை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிரான்சில் மருந்து மற்றும் மருத்துவ உபகரணப் பாதுகாப்பு முகமையான ஏ.என்.எஸ்.எம். 2019 ஏப்ரலில், அமெரிக்கா நடவடிக்கை எடுப்பதற்கு முன்பே, மிகச் சொரசொரப்பான உறைகளையும் பாலியூரித்தேன் பூசிய உறைகளையும் தடை செய்தது. எனக்குள் இருப்பது அத்தடைக்கு முன் பொருத்தப்பட்டது. அன்று பல இரவுகள் உறக்கமில்லை. ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றே இங்குள்ள முகமையும் அமெரிக்க எஃப்.டி.ஏ.வும் கூறின. என் வைத்தியரும் அதையே விளக்கினார். ஆண்டுகள் கழித்துத் திடீரென ஒருபக்க வீக்கம், வலி, கட்டி தோன்றினால் தாமதிக்காமல் வர வேண்டும். அல்ட்ராசவுண்டில் நீர் தெரிந்தால் அதை எடுத்து சி.டி. 30 என்னும் அடையாளம் உள்ளதா எனச் சோதிப்பார்கள். ஆரம்ப நிலையில் இம்ப்ளான்டையும் சுற்றியுள்ள படலத்தையும் முழுமையாக அகற்றுவதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது என்றார். இன்று புதிதாகத் தெரிவு செய்ய வேண்டியிருந்தால் நானும் மிகச் சொரசொரப்பான உறையை ஏற்கமாட்டேன். ஆனால் நீர்த்துளி வடிவத்தையே கைவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளமாட்டேன். நுண்ணிய சொரசொரப்புள்ள உறையிலும் அவ்வடிவம் செய்யப்படுகிறது.

பல்லுறுப்பி

மருத்துவக் கருவிகளுக்கான பாலிமர்களோடு பணிபுரியும் பொறியாளன் நான், மருத்துவன் அல்லன். இந்தப் பொருள்கள் ஏன் இப்படி வகைவகையாகப் பிரிந்தன என்று தெரிந்தால் ஒப்பிடுவது எளிதாகும். ஒவ்வொரு வகையும் அதற்கு முந்தைய வகையின் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. தீர்த்த கையோடு புதிய குறை ஒன்றையும் கொண்டுவந்தது. ஆகவே எந்த மாதிரியைக் காட்டினாலும், இது எந்தக் குறைக்கு மருந்தாக வந்தது, அந்தக் குறை எனக்கு வர வாய்ப்புள்ளதா என்று கேளுங்கள்.

1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதல் சிலிகோன் ஜெல் இம்ப்ளான்டைப் பொருத்தினார்கள். அதைத் தயாரித்தது டவ் கார்னிங். அன்றைய உறை தடிமனானது, ஜெல்லும் அடர்த்தியானது. கைக்குக் கடினமாக இருக்கிறது என்ற குறை எழுந்ததும் 1970-களில் உறையை மெல்லியதாகவும் ஜெல்லை இளகலாகவும் ஆக்கினார்கள். மென்மை கிடைத்தது, ஆனால் உறை எளிதில் கிழிந்தது, கிழியாத உறையின் ஊடாகவும் சிலிகோன் எண்ணெய் கசிந்தது. அதற்கு மாற்றாக 1980-களில் உறையின் அடுக்குகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் வேறுவகைச் சிலிகோன் அடுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். இன்றைய தரமான உறைகள் அனைத்திலும் அந்தத் தடுப்பு அடுக்கு இருக்கிறது.

பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் செய்தது இந்த இடத்தில்தான் முக்கியம் பெறுகிறது. அனுமதி பெற்ற மருத்துவத் தரச் சிலிகோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகோனை அடைத்து விற்றது 2010-இல் வெளிப்பட்டது. அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. நிறுவனர் ஜான்-க்ளோட் மாஸுக்கு 2013-இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜெல்லின் வகையைப் பேசுவதற்கு முன் அதன் தயாரிப்பாளர் யார், எந்த ஒழுங்குமுறை அமைப்பு அதை ஆராய்ந்து அனுமதித்தது என்பதைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கைக்கு எல்லா ஜெல்லும் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி ஜெல்லின் கெட்டித்தன்மை. சிலிகோன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்கு ஜெல் கெட்டியாகும். குறைந்த பிணைப்புள்ள ஜெல் இயல்பாக அசையும். ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது கீழே இறங்கி, மேற்பகுதியில் உறை மடிந்து சுருக்கம் விழலாம். மிகுந்த பிணைப்புள்ள ஜெல், வெட்டிய கடற்பாசி ஜெல்லித் துண்டைப் போல, உறை கிழிந்தாலும் பெருமளவு தன் இடத்திலேயே நிற்கும். அதற்கு விலையாகத் தொடுகையில் இறுக்கம் தெரியும்; பொருத்துவதற்குச் சற்று நீளமான வெட்டும் தேவைப்படும். நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் ஜெல்லுக்கு 1, 2, 3 என்று படிநிலை வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் 2 மற்றொன்றின் 2-க்குச் சமம் என்று எண்ணிவிட வேண்டாம். கெட்டியான ஜெல் உருண்டை வடிவத்திலும் கிடைக்கிறது என்பதைக் குறிஞ்சிமலர் அம்மா கவனிக்க வேண்டும். உங்களிடம் காட்டப்பட்ட இரண்டு மாதிரிகளுக்கு இடையில் இன்னும் சில சேர்க்கைகள் உண்டு.

மேற்பரப்பைப் பொறுத்தவரை ஐ.எஸ்.ஓ. 14607 என்னும் தரநிலையின் 2018 பதிப்பு, சராசரிக் கரடுமுரடு 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ் இருந்தால் வழவழப்பு, 10 முதல் 50 வரை நுண் சொரசொரப்பு, 50-க்கு மேல் பெருஞ் சொரசொரப்பு என்று வகுத்தது. விளம்பரத்தில் நானோ என்று வருபவை பலவும் இக்கணக்கில் வழவழப்பு வகைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆகவே பெயரைக் கேட்டு மயங்காமல் அளவைக் கேளுங்கள்.

குறிஞ்சிமலர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மூவருக்கும் மிக்க நன்றி. நான் முதலில் சொல்லத் தவறிய செய்தி ஒன்று உண்டு: அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு சிகிச்சையும் தேவைப்படலாம் என்கிறார்கள். அப்படியானால் எந்த வகை தாக்குப்பிடிக்கும்? பெருஞ் சொரசொரப்பு அவ்வளவு தீங்கானது என்றால் அதை ஏன் உருவாக்கினார்கள் என்பதும் விளங்கவில்லை.

செவிலி தாமரை

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது அம்மா. எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஒரு படலத்தை உருவாக்கும். அது மெல்லியதாக இருந்துவிட்டால் தொல்லையில்லை. சிலருக்கு அது தடித்து, இறுகி, இம்ப்ளான்டை நெருக்கிப் பந்து போல் ஆக்கிவிடும். மருத்துவர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் படியில் இயல்பான மென்மை, இரண்டாவதில் சற்று இறுக்கம், மூன்றாவதில் கண்ணுக்கே தெரியும் உருமாற்றம், நான்காவதில் அதனோடு வலி. இந்த இறுக்கத்தைக் குறைக்கத்தான் சொரசொரப்பு கொண்டுவரப்பட்டது. மேற்பரப்பு கரடாக இருந்தால் தழும்பு இழைகள் ஒரே திசையில் அணிவகுத்து இறுக முடியாது என்பது அதன் கருத்து. குறிப்பாகத் தோலுக்கு அடியில், தசைக்கு மேலே வைக்கும்போது அதனால் பயன் இருந்தது. நல்ல நோக்கத்தோடு வந்த ஒன்று பின்னாளில் வேறொரு தீமையோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

கதிர்வீச்சு பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் உள்ள மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் படலம் இறுகும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. தோல் மெலிதல், காயம் ஆறாமை, கிருமித்தொற்று ஆகியவையும் கூடுகின்றன. எந்த உறையும் எந்த ஜெல்லும் இதிலிருந்து முழுப் பாதுகாப்புத் தராது. உங்களுக்குக் கதிர்வீச்சு உறுதியானால், உருண்டையா நீர்த்துளியா என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவிட்டு, இம்ப்ளான்ட்தானா என்ற கேள்வியை முதலில் எழுப்புங்கள். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களோடு எடுத்து மார்பில் இணைக்கும் டீப் ஃபிளாப், முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரும் எல்.டி. ஃபிளாப் ஆகியவை கதிர்வீச்சு பெற்ற மார்புக்குப் பல வேளைகளில் ஏற்றவையாக இருக்கின்றன. அறுவை பெரியது, ஓய்வும் நீண்டது, வயிற்றிலோ முதுகிலோ தழும்பு விழும். ஆனால் சொந்தத் திசு என்பதால் உறை கிழிவது, படலம் இறுகுவது என்ற கவலைகள் இல்லை. முதுகுத் தசையோடு இம்ப்ளான்டையும் சேர்த்து வைப்பதும் உண்டு. செலவு தடையாக இருந்தால் சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைத் துறையிலும் கேட்டுப் பாருங்கள்.

வேங்கைமரம்

நான் வழவழப்பான உறை, உருண்டை வடிவம், நடுத்தரக் கெட்டித்தன்மையுள்ள ஜெல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தவள். எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. குனியும்போது மேற்பகுதியில் சிறு அலைபோல் சுருக்கம் தெரிந்தது. பின்னர் தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து அங்கே நிரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. நெய்தல்கரை சொன்ன மேற்பகுதிப் புடைப்பையும் இம்முறையால் ஓரளவு சமன் செய்ய முடிகிறது. ஆகவே வடிவத்தின் பொருட்டுச் சொரசொரப்பை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

தேர்வு செய்யும்போதே பின்னாளைய கண்காணிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பு சுருங்கிவிடும், உடனே தெரிந்துவிடும். சிலிகோன் ஜெல் கிழிந்தால், அதுவும் கெட்டியான ஜெல் கிழிந்தால், வெளியில் எதுவும் தெரியாமலே இருக்கலாம். அறிகுறி இல்லாதவர்களும் பொருத்திய 5 அல்லது 6 ஆண்டுகளில் முதன்முறையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எஃப்.டி.ஏ. பரிந்துரைக்கிறது. இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுவதற்குமான பொருள் அன்று என்பதை என் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கும் ஒரு கேள்வி. சிலிகோன் உடலில் கலந்து மூட்டுவலி, களைப்பு, மறதி ஆகியவற்றை உண்டாக்குகிறது என்று நிறையப் படிக்கிறேன். இதில் எந்த வகைக்கு எவ்வளவு பங்கு?

பல்லுறுப்பி

வேங்கைமரம் அவர்களே, அறிந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். இதே அச்சத்தால்தான் 1992-இல் எஃப்.டி.ஏ. சிலிகோன் ஜெல்லை அழகு அறுவைக்குத் தடுத்து, மறுசீரமைப்புக்கும் ஆய்வுகளுக்கும் மட்டும் அனுமதித்தது. வழக்குகள் குவிந்து 1995-இல் டவ் கார்னிங் திவாலானது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்னும் ஆலோசனை அமைப்பின் 1999-ஆம் ஆண்டு அறிக்கை, இணைப்புத்திசு நோய்களைச் சிலிகோன் உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை என்றும், படலம் இறுகுதல், கிழிதல் போன்ற உள்ளூர்ச் சிக்கல்களே அடிக்கடி நிகழும் உண்மையான கவலை என்றும் கூறியது. 2006 நவம்பரில் பொது அனுமதி மீண்டும் கிடைத்தது. ஆயினும் பெண்கள் தொடர்ந்து களைப்பு, மூட்டுவலி, மூளை மந்தம் ஆகியவற்றைத் தெரிவித்துவந்தார்கள். சிலருக்கு அகற்றியபின் குறைந்தும் இருக்கிறது. அதனால் 2021-இல் எஃப்.டி.ஏ. கட்டாயமாக்கிய, தயாரிப்புக் குறிப்பில் கட்டத்துக்குள் அச்சிடும் எச்சரிக்கையில் இவ்வறிகுறிகளும் இடம்பெற்றன. ஒரு குறிப்பிட்ட ஜெல்லையோ மேற்பரப்பையோ இதற்குப் பொறுப்பாக்கும் ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. ஆகவே இந்த ஒரு கவலையின் அடிப்படையில் வகையைத் தேர்ந்தெடுக்க இயலாது. இம்ப்ளான்ட் வேண்டுமா வேண்டாமா என்று எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

நெய்தல்கரை

வேங்கைமரம் சொன்ன கொழுப்பு நிரப்பும் முறையை ஏற்கிறேன், ஆனால் நிரப்பிய கொழுப்பின் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும் என்பதால் பலருக்கு மறுமுறையும் செய்ய நேர்கிறது. மெலிந்த உடலுள்ளவர்களுக்கு எடுக்கக் கொழுப்பே இராது. குறிஞ்சிமலர், உங்கள் உடல்வாகையும் மற்ற மார்பகத்தின் நிலையையும் வைத்தே இதைத் தீர்மானியுங்கள். மற்ற மார்பகத்தைச் சற்று உயர்த்திச் சமப்படுத்தும் வழியும் உண்டு. அதற்குச் சம்மதித்தால் உருண்டை வடிவமே பொருந்திவிடக்கூடும்.

குறிஞ்சிமலர்

நேற்று மருத்துவரைச் சந்தித்தேன். எழுதிவைத்த கேள்விகளோடு போனதை அவர் நன்றாகவே ஏற்றுக்கொண்டார். எக்ஸ்பாண்டருக்கு வழவழப்பான உறையே போடலாம் என்றார். கதிர்வீச்சு பற்றி, அகற்றிய திசுவின் ஆய்வு முடிவு வந்தபின் புற்றுநோய் மருத்துவரோடு பேசி உறுதி செய்வார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்பாண்டரோடு கதிர்வீச்சை முடித்துவிட்டு, பின்னர் வயிற்றுத் திசுவால் மறுசீரமைக்கலாம். தேவைப்படாவிட்டால் வழவழப்பான உருண்டை, கெட்டியான ஜெல், மற்ற மார்பகத்தை உயர்த்தும் சிறு அறுவை என்று முடிவாகியிருக்கிறது. நீர்த்துளி மாதிரியை நான் மறுபடியும் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் வடிவம் இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் அது சுழலாமல் இருக்கத் தேவைப்படும் சொரசொரப்பான உறை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இம்ப்ளான்ட் முடிவானால் வேறு எதையாவது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா, தாமரை அக்கா?

செவிலி தாமரை

ஆமாம், அம்மா. இம்ப்ளான்ட் பெட்டியில் ஒட்டுத்தாள்கள் இருக்கும்: நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், தொகுதி எண், வரிசை எண், கொள்ளளவு ஆகியவை அவற்றில் அச்சாகியிருக்கும். ஒன்றை அறுவைக் குறிப்பேட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு அந்த அட்டையையும் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பாண்டருக்கும் தனியாக வாங்குங்கள். 2019-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது, தங்களுக்குள் இருப்பது எந்த உறை என்று அறிய வழியில்லாமல் பழைய மருத்துவமனைகளில் கோப்புகளைத் தேடி அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையைப் படமெடுத்து வீட்டில் இன்னொருவருடைய கைப்பேசியிலும் வைத்துவிடுங்கள்.